தாலி கட்டுவது எத்தனை மணிக்கு?

மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. சமையலுக்கு ஆள் பேசியாயிற்று. பத்திரிகை அச்சுக்குப் போகும் முன் ஒரு மாலை வீட்டில் போட்டோ பேச்சு எழும். பெண் தன் போனில் சேர்த்துவைத்த படங்களைக் காட்டுவாள்: கேண்டிட் வேண்டும், மாமல்லபுரம் கடற்கரையில் ப்ரீ வெட்டிங் ஷூட் வேண்டும். சொந்தக்காரர் ஒருவர் விடாமல் மேடையேறி நின்ற படம் அப்பாவுக்கு வேண்டும். அம்மா மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கேட்பார். ஸ்டூடியோக்காரர் அனுப்பிய பேக்கேஜிலோ ட்ரெடிஷனல் போட்டோ, ட்ரெடிஷனல் வீடியோ, கேண்டிட் போட்டோ, சினிமாட்டிக் வீடியோ, ட்ரோன், எல்இடி வால் என்று ஆறு வரி இருக்கும்.

எதை எடுப்பது, எதை விடுவது? டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகப் பேசலாம். செங்கல்பட்டிலோ கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்து மண்டபத்திலோ கல்யாணம் வைத்திருப்பவர்களை மனத்தில் வைத்துச் சொல்கிறேன். மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் ஊர் வெயிலுக்கும் கடலுக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

சமையல்காரர் மெனு கேட்பதற்கு முன்னால் எத்தனை இலை என்று கேட்பார். போட்டோவிலும் ஸ்டைல் என்பது கடைசிக் கேள்விதான். அதற்கு முன் மூன்று கேள்விகள் உண்டு. தாலி கட்டுவது எத்தனை மணிக்கு? அப்போது அங்கே என்ன வெளிச்சம்? யார் யார் முகம் கட்டாயம் வேண்டும்? இவற்றுக்குப் பதில் கிடைத்துவிட்டால், கல்யாணத்தின் எந்தப் பகுதிக்கு எந்த ஸ்டைல் என்பது பெரும்பாலும் தானே முடிவாகிவிடும்.

கல்லில் இருக்கும் இரண்டு பாணி

முதலில் பெயர்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். ட்ரெடிஷனல் என்றால் எடுக்கப்படுபவருக்குத் தெரிந்து, கேமராவைப் பார்த்து, முறைப்படி நிற்க வைத்து எடுப்பது. மேடையில் நிற்கும் குடும்பப் படமும், சடங்குகளை வரிசை தவறாமல் பதிவுசெய்வதும் அதில் அடங்கும். கேண்டிட் என்றால் யாரையும் நிறுத்தாமல், திருப்பாமல், நடப்பதை நடக்கும்போதே எடுப்பது. ப்ரீ வெட்டிங், போஸ்ட் வெட்டிங் இரண்டும் மணமக்களை மட்டும் தனியே ஓரிடத்துக்கு அழைத்துப்போய், உடையும் வெளிச்சமும் திட்டமிட்டு எடுக்கும் உருவப்படங்கள். சினிமாட்டிக் என்பது கேமராவை ஆட்டமில்லாமல் தாங்கும் கிம்பலில் வைத்து எடுத்து, இசையோடு சில நிமிடப் படமாகத் தொகுப்பது.

ட்ரெடிஷனல் பழசு, கேண்டிட் புதுசு என்று பலர் நினைக்கிறார்கள். மாமல்லபுரத்துக்கு ஒரு நாள் போய்வந்தால் அந்த எண்ணம் மாறும். கடற்கரைக் கோயில் கருவறையின் பின்சுவரில் சோமாஸ்கந்தர் இருக்கிறார். சிவனும் உமையும் அமர்ந்திருக்க, நடுவே குழந்தை முருகன், பின்னால் பிரம்மாவும் விஷ்ணுவும். யார் எங்கே உட்கார வேண்டும், யார் பின்னால் நிற்க வேண்டும் என்று யோசித்து அமைத்த குடும்பப் படம் அது. இடத்தைப் பார்த்தே உறவு புரிந்துவிடும். அதே ஊரில் அர்ச்சுனன் தபசுப் பாறையில் ஒரு மான் பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறிந்துகொண்டிருக்கிறது. பக்கத்திலேயே இருக்கும் கிருஷ்ண மண்டபத்தில் ஒருவர் பால் கறக்கிறார், பசு திரும்பித் தன் கன்றை நக்குகிறது. சிற்பி வந்து நிற்பது அங்கே யாருக்கும் தெரியாது.

ஏழாம், எட்டாம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பிகளுக்கு இரண்டும் கைவந்திருந்தன. வழிபட வேண்டிய இடத்தில் முறைப்படி அமர்த்தினார்கள். வாழ்க்கையைக் காட்ட வேண்டிய இடத்தில் அதன் போக்கில் விட்டார்கள். கல்யாண வீட்டுக்கும் இதுவே வழி. கல்யாணம் முழுவதையும் ஒரே ஸ்டைலில் அடக்கத் தேவையில்லை. அதன் எந்தப் பகுதி முறைப்படி நிற்கக் கேட்கிறது, எந்தப் பகுதி தன் போக்கில் விடக் கேட்கிறது என்று பிரித்துப் பார்த்தால் போதும்.

நம் தாத்தா பாட்டி படங்களில் விறைப்பாக நிற்பதற்குக் காரணம் உண்டு. பழைய கண்ணாடித் தகடுகளில் படம் பதிய நேரம் பிடித்தது. அசைந்தால் முகம் கலைந்துவிடும். அதனால் ஸ்டூடியோவில் வரைந்த திரைக்கு முன்னே, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, மூச்சடக்கி நின்றார்கள். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவோடு, 1880 முதல் 1980 வரையிலான தமிழ் ஸ்டூடியோப் படங்களைத் தேடி மின்படிகளாகச் சேமித்திருக்கிறது. அறிஞர்கள் பாதுகாக்க விரும்பும் ஆவணங்கள், நம் வீடுகளில் பரண்மேல் பூச்சி அரிக்கும் அதே மாதிரிப் படங்கள்தான். கையில் தூக்கிக்கொண்டு நடக்கக்கூடிய சிறிய லைக்கா கேமரா 1925இல் சந்தைக்கு வந்த பிறகே, ஓடுவதையும் சிரிப்பதையும் அப்படியே பிடிப்பது எளிதானது. இன்றைய டிஜிட்டல் கேமராக்கள் மங்கிய மண்டபத்திலும் ஃப்ளாஷ் இல்லாமல் படம் எடுக்கின்றன. கேண்டிட் நம் மண்டபத்துக்குள் வந்தது அந்த வசதியால்தான்.

விடியற்காலை முகூர்த்தம்

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். முகூர்த்தம் 4.30 முதல் 6 வரை என்றால், அந்தத் தாலிப் படத்தில் சூரியனுக்குப் பெரும்பாலும் பங்கே இருக்காது. தை மாதத்தில் இந்தக் கரையில் சூரியன் உதிக்கவே 6.30 தாண்டிவிடும். வைகாசியிலும் ஏறக்குறைய 5.45 ஆகும். ஆக உங்கள் கல்யாணத்தின் மிக முக்கியமான படம் முழுக்க முழுக்க மண்டபத்து விளக்கில் எடுக்கப்படுகிறது. இயற்கை வெளிச்சத்தில் மட்டும் எடுப்பதுதான் தன் ஸ்டைல் என்று சொல்பவரை இந்த நேரத்துக்கு அமர்த்தினால் அவருக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம். முகூர்த்தம் 9 மணிக்கு மேல், கிழக்கே ஜன்னல் உள்ள கூடத்திலோ திறந்த வெளிப் பந்தலிலோ என்றால், அதே கலைஞர் உங்களுக்கு மிகப் பொருத்தமானவராக இருக்கலாம்.

எனவே ஆளை முடிவுசெய்யும் முன், உங்கள் முகூர்த்த நேரத்தில் நடந்த ஒரு கல்யாணத்தின் படங்களைக் காட்டச் சொல்லுங்கள். பத்துக் கல்யாணங்களில் பொறுக்கிய முப்பது படம் யாரிடமும் அழகாகத்தான் இருக்கும். ஒரே கல்யாணத்தின் படங்களை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தால்தான் அவருடைய நிஜமான கை தெரியும். அதில் மூன்று இடங்களில் நின்று பாருங்கள். தாலி கட்டும் படத்தில் மணமகள் முகம் தெரிகிறதா? ஹோமப் புகைக்கு நடுவிலும் முகம் தெளிவாக இருக்கிறதா? ஃப்ளாஷ் நேரே அடித்துப் பட்டுப்புடவையின் சரிகை வெள்ளைத் தகடாகிவிட்டதா? காஞ்சிப் பட்டின் சரிகை, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போதுதான் சரிகையாகத் தெரியும்.

மண்டபத்து விளக்கைப் பற்றி இன்னொன்று. நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று, அதனால் தரமில்லாத எல்இடி விளக்குகள் விநாடிக்கு 100 முறை ஒளி ஏறி இறங்கும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டர் வேகம் பொருந்தாவிட்டால் படத்திலும் வீடியோவிலும் கருப்புப் பட்டைகள் ஓடும். அலங்கார விளக்கு போட்டு முடித்ததும், முந்தின நாள் மாலையே ஸ்டூடியோக்காரரை ஒரு முறை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முகத்துக்கு நேரே ஊதா, பச்சை விளக்குகள் வேண்டாம் என்று டெக்கரேஷன்காரரிடம் சொல்லிவிடுங்கள். மணவறைக்கு மேலே வெதுவெதுப்பான வெள்ளை வெளிச்சம் சீராக இருந்தால், எந்த ஸ்டைலில் எடுத்தாலும் முகம் நன்றாக வரும்.

அடுத்தது மேடை நெரிசல். மூன்று முடிச்சும் விழ சில விநாடிகள்தான் ஆகும். கெட்டிமேளம் கேட்டதும் நான்கைந்து கேமராக்காரர்கள் மணவறையைச் சுற்றி நிற்பார்கள். கீழே அட்சதையோடு நிற்கும் பெரியவர்களுக்கு அவர்களின் முதுகு மட்டுமே தெரியும். வந்தவர்கள் வாழ்த்த வந்தது தாலியைப் பார்த்து. அந்த உரிமையைக் கேமரா பறிக்கக் கூடாது. இதற்கு எளிய தீர்வு உண்டு. மணவறைமேல் ஒரு போட்டோகிராபர், ஒரு வீடியோகிராபர், அவ்வளவுதான். கேண்டிட் எடுப்பவர் கீழே இருந்து 70-200 போன்ற தொலைவு லென்ஸில் எடுக்கட்டும். மணமக்களையும் அவர்களுக்குப் பின்னால் கண் கலங்கி நிற்கும் அம்மாவையும் அங்கிருந்து ஒரே படத்தில் பிடிக்க முடியும். யார் எங்கே நிற்பார் என்பதை முதல் நாளே பேசி முடித்துவிடுங்கள். சாஸ்திரிகளிடமோ நாதஸ்வரக்காரரிடமோ ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் அவர்களும் இடம் விடுவார்கள்.

யாருடைய முகம்?

ஸ்டைலைப் பற்றிய சண்டைகள் பெரும்பாலும் இந்தக் கேள்வியில் தீர்ந்துவிடும். நம் பக்கம் வரவேற்பு பெரும்பாலும் முகூர்த்தத்துக்கு முந்தின மாலை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: இருநூறு குடும்பம் மேடையேறி, ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம் என்றால் நூறு நிமிடம். அந்த நூறு நிமிடமும் ட்ரெடிஷனல் வேலைதான். எல்லா முகமும் தெரிய வேண்டும், யார் கண்ணும் மூடியிருக்கக் கூடாது, பாட்டிக்கு நாற்காலி போட வேண்டும். இதைப் பொறுமையாகச் செய்பவரின் திறமையைக் குறைவாக நினைக்காதீர்கள். இருபது வருஷம் கழித்து வீட்டில் அதிகம் தேடப்படுவது இந்தப் படங்கள்தான். பெரியப்பா இருந்தார், சித்தி இளமையாக இருந்தார், பக்கத்து வீட்டுக்காரர் குடும்பத்தோடு வந்தார் என்பதற்கு வேறு சாட்சி கிடையாது.

கேண்டிட்டுக்கு உண்மையான வேலை வேறு இடங்களில் இருக்கிறது. பந்தக்கால் நடும் காலை, நலங்கு வைக்கும்போது அத்தைகள் அடிக்கும் கூத்து, மணமகள் அறையில் அம்மா பின்னலைச் சரிசெய்வது, தாய்மாமன் மாலையோடு காத்து நிற்பது, தாலித் தட்டு சபையில் கை கையாகப் போய் ஆசீர்வாதம் வாங்கி வருவது, நாத்தனார் முடிச்சு, மெட்டி போட்டுவிடும்போது வரும் வெட்கச் சிரிப்பு, பந்தியில் பாயசம் கேட்கும் குழந்தை. இவற்றில் எதையும் இன்னொரு முறை செய்து காட்டச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அதனால் பணம் அளவாக இருந்தால், கேண்டிட் ஆளை வரவேற்புக்கு அமர்த்தாதீர்கள். நலங்குக்கும் முகூர்த்தக் காலைக்கும் அமர்த்துங்கள். வரவேற்புக்கு நல்ல ட்ரெடிஷனல் ஆள் ஒருவர் போதும்.

சுயமரியாதைத் திருமணம் என்றால் கணக்கு சற்று மாறும். 1967ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பு பெற்ற அந்த முறையில் சடங்கு சுருக்கம். மாலை மாற்றுவதும் உறுதிமொழியும் தலைவர்களின் வாழ்த்துரையுமே அதன் உயிர். ஆகவே படத்துக்கு நிகராகக் குரலும் முக்கியம். மைக்கிலிருந்து நேராக ஒலியைப் பதிவுசெய்யத் தெரிந்த வீடியோகிராபரைத் தேடுங்கள். சர்ச்சிலோ நிக்காஹ்விலோ என்றால், கேமரா எதுவரை வரலாம் என்பதைப் பங்குத்தந்தையிடமோ ஜமாஅத் பெரியவர்களிடமோ முன்கூட்டியே கேட்டுக்கொள்வது மரியாதை.

ஸ்டூடியோக்காரரிடம் ஒரு தாள் எழுதிக் கொடுங்கள். கட்டாயம் வேண்டிய முகங்கள், அவர்களின் உறவு, அவர்களை அழைத்துவந்து காட்டப்போகும் உங்கள் வீட்டு ஆள் யார் என்பது. அண்ணனோ மச்சானோ ஒருவர் அந்தப் பொறுப்பை ஏற்க வேண்டும். வெளியாளுக்கு உங்கள் பெரியத்தை யாரென்று தெரியாது. நடக்க முடியாத முதியவர்களையும், கைம்பெண் என்பதால் ஒதுங்கி நிற்கும் பாட்டியையும் அந்தத் தாளில் முதலில் எழுதுங்கள். மேடைக்கு வரத் தயங்குபவர்களிடம் கேமரா போக வேண்டும்.

கடற்கரையில் எடுப்பதானால்

நம் கடல் கிழக்கே இருக்கிறது. கோவாவிலும் கேரளத்திலும் எடுத்த அந்தி வானப் படங்களைக் காட்டி அதே மாதிரி கேட்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். மாமல்லபுரத்தில் சூரியன் கடலிலிருந்து எழும், ஊருக்குப் பின்னால் மறையும். கடல்மேல் பொன் வெளிச்சம் வேண்டுமானால் விடியலுக்கு முன்பே மணலில் நிற்க வேண்டும். மாலையில் எடுத்தால் சூரியன் முதுகுக்குப் பின்னாலோ சவுக்குத் தோப்புக்குள்ளோ இருக்கும், கடல் நீலமாகக் கறுக்கும். அதுவும் அழகுதான், ஆனால் வேறு அழகு. தண்ணீரில் அந்திச் சூரியன்தான் வேண்டும் என்றால் உள்ளே வாருங்கள். செங்கல்பட்டு ஏரிகளின் மாவட்டம். நிலம் கிழக்கே சரிவதால் பல ஏரிகளின் கரை கிழக்குப் பக்கம் இருக்கும். கரைமேல் நின்றால் தண்ணீருக்கு அப்பால் சூரியன் இறங்குவது தெரியும்.

சிற்பங்களுக்கும் திசை உண்டு. அர்ச்சுனன் தபசுப் பாறை கிழக்கே பார்க்கிறது, அதன்மேல் வெளிச்சம் காலையில் விழும். ஐந்து ரதங்களில் நான்கு மேற்கே பார்ப்பவை, அவற்றுக்கு மாலை நேரம். சித்திரை நடுவில் நம் அட்சரேகையில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கும். அப்போது எடுத்தால் கண்குழிகளில் கருநிழல் விழும். ஐப்பசி, கார்த்திகை வடகிழக்குப் பருவமழைக் காலம். அந்த மாதங்களில் ஷூட் வைத்தால் மாற்று நாள் ஒன்றை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஏசி காரிலிருந்து இறங்கியதும் லென்ஸ் பனித்துப்போகும், உப்புத் துளியும் படியும். இந்தக் கரையில் பழகியவர் கேமராவை முன்னதாகவே வெளியே எடுத்து வெளிக்காற்றுக்குப் பழக்குவார்.

அனுமதி விஷயத்தில் அசட்டையாக இருக்க வேண்டாம். மாமல்லபுரத்துச் சின்னங்கள் 1984இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றவை, இந்தியத் தொல்லியல் துறையின் காவலில் இருப்பவை. போனிலோ சிறிய கேமராவிலோ எடுப்பது வேறு. ட்ரைபாட், லைட் எல்லாம் வைத்து ஸ்டூடியோ குழுவோடு எடுப்பது வேறு, அதற்கு முன் அனுமதி வேண்டும். அனுமதி வாங்கியாயிற்றா என்று வாய்வார்த்தையாகக் கேட்காமல் தாளைப் பாருங்கள். ரதங்கள்மேல் ஏறி நிற்பது, யானைச் சிற்பத்தின்மேல் சாய்வது வேண்டவே வேண்டாம். ஆயிரத்து முந்நூறு வருஷம் உப்புக்காற்றைத் தாங்கிய கல் அது.

ட்ரோன் என்றால் 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள் பொருந்தும். 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைத் தொழிலுக்குப் பறக்கவிடுபவரிடம் பைலட் சான்றிதழ் இருக்க வேண்டும். எங்கே பறக்கலாம் என்பது டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு எனக் குறிக்கப்பட்டிருக்கும். இந்தக் கரையில் தெற்கே கொஞ்ச தூரத்திலேயே கல்பாக்கம் அணுமின் நிலையம். வரைபடம் பார்க்காமல் யாரையும் பறக்கவிடச் சொல்லாதீர்கள். என்னைக் கேட்டால், மண்டபத்துக் கூரையைக் காட்டும் ட்ரோன் பணத்தில் ஆல்பத்தில் கூடுதலாகச் சில ஷீட் சேர்ப்பதே மேல்.

நிறமும் ஒப்பந்தமும்

படம் எடுத்த பின்னும் ஸ்டைல் வேலை செய்கிறது. எடிட்டிங்கில் ஒவ்வொருவருக்கும் ஒரு டோன் உண்டு. சிலர் எல்லாவற்றையும் செம்பழுப்பாக்குவார்கள், அரக்குக் கூரைப்புடவை செங்கல் நிறமாகிவிடும். இன்னும் சிலர் கேட்காமலே மணமகளை வெளுப்பாக்குவார்கள். இதில் நான் உறுதியாக இருக்கிறேன்: உங்கள் பெண்ணின் மாநிறமும் கறுப்பும் அவளுடைய முகம். அதை மாற்றக் கூடாது என்று முதல் பேச்சிலேயே சொல்லுங்கள். புடவையின் ஒரு ஓரத்தைப் போனில் படமெடுத்து அனுப்பி, இந்த நிறம் இப்படியே வர வேண்டும் என்று சொல்வதும் நல்லது.

உரிமை விஷயம் பலருக்குத் தெரியாது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவுப்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். அதனால் நீங்கள் கையெழுத்திடும் தாளைப் படியுங்கள். உங்கள் படங்களை விளம்பரத்துக்குப் போடலாம் என்ற வரி அதில் இருக்கிறதா? பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் அதில் சம்மதமா? குழந்தைகளின் படங்களை விலக்கச் சொல்லலாம். நேரில் வந்து எடுக்கப்போவது யார், எத்தனை படம் எடிட் செய்து தருவார்கள், எடிட் செய்யாதவை கிடைக்குமா, எத்தனை மாதம் தங்களிடம் பத்திரப்படுத்துவார்கள், ஆல்பம் பெண் வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் தனித்தனியா என்பதெல்லாம் எழுத்தில் வரட்டும். முழுப் பணத்தையும் முன்பே கொடுக்காமல், கடைசித் தவணையை ஆல்பம் கைக்கு வரும்போது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆல்பத்துக்கு ஒரு கெடுவும் வேண்டும். கல்யாணத்துக்கு ஆயிரக்கணக்கில் படம் எடுத்து, பொறுக்க நேரமில்லாமல் பென்டிரைவிலேயே தூங்கும் வீடுகள் நிறைய. பெண்ணும் மாப்பிள்ளையும் தலைதீபாவளிக்கு வரும் நாளைக் கெடுவாக வையுங்கள். அன்றைக்கு இரண்டு பக்கத்துச் சொந்தமும் வீட்டுக்கு வரும். படங்களைப் பொறுக்கும் வேலையைக் கல்யாணம் முடிந்த ஒரு மாதத்துக்குள், முகங்களைச் சரியாக அறிந்த அம்மாக்கள் இருவரையும் பக்கத்தில் உட்கார வைத்துச் செய்துவிடுங்கள். எந்தப் படம் அழகு என்பது எல்லோருக்கும் தெரியும். எந்தப் படம் தேவை என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.